கல்யாண மண்டபத்தில் ஒரு கடல்

1

நேற்று மதிய விருந்தில் நான் பேசியதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வைப்பதற்காக நான் பேசவில்லை.

ஸ்காட்லாந்தின் வடகரையில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் இருக்கிறேன். கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் வேலை. இந்தத் தொழிலை வளர்ப்பதற்கென்று கம்பெனிகளும் கல்லூரிகளும் எங்களைப் போன்ற கூடங்களும் சேர்ந்து இங்கே ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. அதன் ஆண்டு விழாதான் நேற்று. வசந்தத்தில் ஒரு கூட்டம், இலையுதிர் காலத்தில் ஒரு கூட்டம், நடுவில் ஒருவரோடு ஒருவர் பழகுவதற்கென்றே ஒரு காலை விருந்து. வருடம் இப்படியே ஓடிவிடுகிறது. கடலில் எங்கள் இயந்திரம் ஒன்றுகூட இன்னும் இறங்கவில்லை. கேட்டால், முதலில் துறை உருவாகட்டும் என்கிறார்கள். கப்பல் நிற்கிற துறையாவது ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிறது.

விழாவில் 'பன்னாட்டு ஒத்துழைப்பு' பற்றிச் சில வார்த்தைகள் பேசச் சொன்னார்கள். கூடத்தில் வேறு நிறத்து ஆள் நான் ஒருவன்தான் என்பதால் அந்தத் தலைப்பு தப்பாமல் என்னிடம் வந்துவிடும். தலைவர் வழக்கம்போல என்னை "மிஸ்டர் கருப்பையா" என்று மேடைக்கு அழைத்தார். கருப்பையா என் அப்பா. திண்டுக்கல் பக்கம் அகரத்தில் வெங்காயம் போட்டுப் பிழைத்தவர். கடலைப் பார்க்காமலே செத்துப் போனார். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதப் போக, இந்த நாடு அவர் பெயரை என் தலையில் கட்டிவிட்டது. வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தில் ஒருமுறை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பெண் மாற்ற முடியாது என்றாள். பிறகு தொழில் என்ன என்றாள். அலை என்று ஆங்கிலத்தில் சொன்னதும், தலைமுடியைச் சுருட்டிவிடும் வேலையா என்று கேட்டாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. நிஜமாகத்தான் கேட்டாள்.

மேடையில் நான் திண்டுக்கல்லில் நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்தார்கள். என் சக பொறியாளர் ஐலீன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அன்று என்னோடு அங்கே இருந்தவர்.

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்காது.

2

சில வருடங்களுக்கு முன், இந்தியாவில் கடல் மின்சாரத்துக்கு ஒரு தேசியத் துறையை உருவாக்குகிறோம் என்று சென்னையில் ஒரு குழு கிளம்பியது. அதன் அமைப்பாளர் சபேசன், ஒரு பேராசிரியர். எங்கள் கூடத்துக்கே நேரில் வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு என் தோளில் கை போட்டுக்கொண்டு, "டிசைன் உங்களுது, கடற்கரை எங்களுது. சேந்து செய்வோம் சார்" என்றார்.

தெற்குக் கரையில் ஒரு சோதனை நிலையம் கட்டுவது. ஐலீனும் நானும் பல வருடம் உட்கார்ந்து வரைந்த வரைபடங்களை இந்தியாவுக்கு இலவசமாகக் கொடுப்பது. நிலையத்தின் பொறுப்பை ஏற்று நான் ஊருக்கே திரும்பிவிடுவது. இதுதான் பேச்சு. எங்கள் மேலாளர்களும் தலையாட்டினார்கள்.

நான் முழுசாக நம்பினேன். என் மனைவி செல்வி என்னைவிட அதிகம் நம்பினாள். பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அப்போது மகள் மீனாவுக்குத் தமிழ் பாதி வரும், பாதி வராது. என் அக்காவோடு போனில் பேசும்போது, "அப்பா என்ன வேலடா பாக்குறாரு?" என்று அக்கா கேட்க, "அப்பா அலையிற வேலை அத்தை" என்றாள். அலை என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு, இந்தப் பிள்ளையைச் சீக்கிரம் ஊருக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்றிருந்தது.

முதல் தேசிய மாநாடு திண்டுக்கல்லில் என்று சபேசனிடமிருந்து தகவல் வந்தபோது, என்னைக் கௌரவிக்கத்தான் என் ஊரில் வைக்கிறார்கள் என்று நினைத்து நெகிழ்ந்து போனேன். கடலுக்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன உறவு என்று ஐலீன் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. நிகழ்ச்சி நிரலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முதல் நாள் திண்டுக்கல்லில் மாநாடு. மீதி நாளெல்லாம் கொடைக்கானலில் 'ஆழ்ந்த கலந்துரையாடல்', குடும்பத்தோடு.

அதைச் சபேசனே வெட்கமில்லாமல் விளக்கினார். "கொடைக்கானல்ல கான்பரன்ஸுன்னு போட்டா ஆடிட்ல கேள்வி வரும் சார். திண்டுக்கல்னு போட்டா வராது. அங்கேர்ந்து மேல ஏறிட வேண்டியதுதானே?"

3

மாநாட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மாரியம்மாளின் வீடு நாகல் நகர்ப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. மச்சான் தங்கவேலுக்கு வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை. அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. குழாயில் காற்றுதான் வந்தது. சந்து நெடுகக் காலிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. எது யாருடையது என்று அடையாளத்துக்குக் கழுத்தில் துணி கட்டியிருந்தார்கள்.

அக்கா எனக்கு இலை போட்டாள். விருந்தாளிக்கு மரியாதை என்று நினைத்தேன்.

"தட்டுன்னா கழுவணும்ல. அதான் எல" என்றாள். "கொழம்போட ஒரு வெஞ்சனந்தான் வச்சுருக்கேன். நாளைக்கு எங்க சந்துக்கு லாரி வர்ற மொற. தண்ணி வந்துட்டா ராத்திரிக்கு ஒனக்கு நல்லா ஆக்கிப் போடுறேன். ரொம்ப எளச்சுப் போயிட்டலே ராசு."

மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏன் மாப்ள, நீ ஏதோ வேவு பாக்குற வேலையில இருக்கேன்னு மில்லுல ஒருத்தன் சொல்றான்?"

"வேவு இல்ல மச்சான், வேவ். கடல் அலை. அதுலருந்து கரண்டு எடுக்குறது."

"அந்தக் கரண்டு எங்க மில்லுக்கு வருமா?"

"கம்பி இழுத்தா எங்க வேணாலும் வரும்."

"அப்பச் சீக்கிரம் கொண்டாந்து சேரு. வாரத்துல பாதி நாளு பவர் கட்டு. மில்லு பஸ்ஸு வாசல் வரைக்கும் போயி, ஷிப்டு இல்லைன்னு அப்படியே திருப்பி விட்டுர்றாக. வராத ஷிப்டுக்கு யாரு சம்பளம் குடுப்பா?"

அக்கா என்னிடம், பக்கத்துத் தெருவில் ஒரு வீடு பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். "நீ கடக்கரையில போயி இரு. செல்வியும் பிள்ளையும் எங்கிட்ட இருக்கட்டும். ஒரு வருசத்துல பிள்ளைக்கு அம்புட்டுத் தமிழும் வந்துரும்" என்றாள். சரிக்கா என்றேன்.

4

மாநாடு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் யாரோ ஒரு ஜோடியின் பெயர் போட்ட பலகையை எடுக்காமல் அதன் மேலேயே மாநாட்டுத் துணியைக் கட்டியிருந்தார்கள். மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் முக்கிய விருந்தினருக்காகக் காத்திருந்தன. மேடைக்குக் கீழே, சென்னையிலிருந்து லாரியில் கொண்டுவந்த நீளமான கண்ணாடித் தொட்டி. அதன் ஒரு முனையில் மோட்டாரில் ஆடும் பலகை. அது தண்ணீரைத் தள்ளி அலை உண்டாக்கும். மறுமுனையில் ஐலீன் கையோடு கொண்டுவந்த மாதிரி இயந்திரம். அதில் பெரிதாக ஒன்றுமில்லை: அடிப்பக்கம் திறந்த ஒரு பெட்டி. அலை உள்ளே ஏறினால் பெட்டியிலுள்ள காற்று மேலே தள்ளப்பட்டு ஒரு சின்ன விசிறியைச் சுற்றும். விசிறி சுற்றினால் ஒரு டார்ச் பல்பு எரியும்.

தொட்டித் தண்ணீர் பளீரென்று நீலமாக இருந்தது. சபேசனின் ஆட்கள் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைப் புட்டி புட்டியாக ஊற்றியிருந்தார்கள்.

"கலர் போட்டோ எடுக்கறோம் சார். கடல் மாதிரி தெரிய வேணாமா?" என்றார் சபேசன்.

நிலக்கோட்டையிலிருந்து வேனில் மல்லிகை மாலைகள் வந்து இறங்கின. காலை பூராவும் மாலை போடுவதும் பொன்னாடை போர்த்துவதுமாகப் போயிற்று. சென்னைக்காரர் ஒருவருக்கு நாற்காலி இரண்டாம் வரிசையில் விழுந்துவிட, அவர் கோபித்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். அவரைச் சமாதானப்படுத்தி அழைத்துவர ஒரு குழு போயிற்று. பேசியவர்கள் எல்லோரும் நம் நாட்டுக்கு நீண்ட கடற்கரை இருக்கிறது என்றார்கள். அதைத் தாண்டி ஒருவரும் கடலுக்குள் கால் வைக்கவில்லை.

திடீரென்று கரண்டு போனது. ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் அது மைக்குக்கும் மேடை விசிறிகளுக்கும்தான். அலை உண்டாக்கும் மோட்டாருக்கு இணைப்புக் கொடுத்தால் மேடை விசிறி நின்றுவிடும் என்றார்கள். அதனால் மின்சாரம் தருவதாகச் சொன்ன எங்கள் கடல் அசையாமல் கிடந்தது.

வேடசந்தூரிலிருந்து சில மில் முதலாளிகள் வந்திருந்தார்கள். உண்மையாகவே எதையோ தெரிந்துகொள்ள வந்தவர்கள் அந்த மண்டபத்தில் அவர்கள் மட்டும்தான். அவர்களில் ஒரு பெரியவர் எழுந்தார்.

"ஏனுங்க, இதெல்லாம் எப்பங்க நடக்கும்? ஒரு உத்தேசமாச் சொன்னீங்கன்னா நாங்க ஜெனரேட்டரு வாங்குறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவோமுங்க."

"கேள்வி நேரம் சாயங்காலம்தான் சார்" என்றார் சபேசன்.

பெரியவர் கேட்டதை ஐலீனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் எழுந்து தொட்டிக்குப் போனார். பலகையை இரண்டு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னுமாகத் தள்ளினார். நீலத் தண்ணீர் எழுந்து அலையாக ஓடியது. பெட்டியில் காற்று சீறியது. பல்பு எரிந்தது. சின்ன வெளிச்சம்தான். ஆனால் பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மில்காரப் பெரியவர் கிட்டே வந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார். அந்தச் செத்த நேரம் நான் ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

சபேசன் ஓடிவந்தார். "மேடம், ப்ளீஸ். சீஃப் கெஸ்ட் வந்துதான் துவக்கி வைக்கணும். இப்பவே எரிஞ்சுட்டா அப்புறம் என்ன இருக்கு?"

ஐலீன் கையை எடுத்தார். பல்பு அணைந்தது.

5

முக்கிய விருந்தினர் வருவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. பந்தி நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் சத்தம் கேட்டது. காவல்காரர் இரும்புக் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே இடுப்பில் குடத்தோடு பெண்கள். முன்னால் என் அக்கா நின்றாள்.

இலையை அப்படியே விட்டேன். எழுந்து ஓடினேன். கோட்டில் பூ குத்தியிருந்த என்னைக் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ இங்கனதான் இருக்கியா?" என்றாள் பிறகு. "எங்க சந்துக்கு வர வேண்டிய லாரி காலையில இங்க வந்து தண்ணிய எறக்கிட்டுப் போயிருக்கு. டிரைவரே சொல்லிட்டான். பச்சப் பிள்ளைக்காரி எல்லாம் வெயில்ல நிக்கிறாளுக. எதுக்குலே ஒங்களுக்கு அம்புட்டுத் தண்ணி?"

எனக்குத் தெரியாதுக்கா என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனாலும் அந்த இடத்தில் அது கேவலமாகத்தான் கேட்டது.

சபேசனிடம் போய், தொட்டித் தண்ணீரைக் கொடுத்துவிடுவோம் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சார், நீங்க லோக்கல் ஆளு. இவங்களை நீங்கதான் பேசி அனுப்பணும். பங்ஷன் முடியட்டும், அப்புறம் எடுத்துக்கட்டும். ஒரு நேஷனல் ப்ரோக்ராம் சார் இது."

"அது அவுக தண்ணி சார்."

"போட்டோ இன்னும் எடுக்கலை சார்" என்றார்.

என்ன நடக்கிறது என்று ஐலீன் கேட்டார். சொன்னேன். அவர் தொட்டியிலிருந்து மாதிரி இயந்திரத்தைத் தூக்கினார். நீலம் சொட்டச் சொட்டக் கொண்டுபோய் மேடையில் வெல்வெட் நாற்காலி மீது வைத்தார். நான் போய்க் கதவைத் திறந்தேன். காவல்காரர் தடுக்கவில்லை. அவர் வீட்டிலும் தண்ணீர் இருந்திருக்காது.

பெண்கள் வேகமாகத்தான் உள்ளே வந்தார்கள். தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். அக்கா கையை விட்டுத் தண்ணீரை அள்ளினாள். விரலெல்லாம் நீலம். அதை முகர்ந்து பார்த்தாள்.

"என்னத்தலே இதுல கலந்தீக?"

"நீலங்க்கா. சொட்டு நீலம்."

"குடிக்கிற தண்ணியில?"

ஒருத்தி குடத்தைக் கவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டு அழுதாள். மற்றவர்கள் திட்டினார்கள், திட்டியது முழுக்க நியாயம். கடைசியில் அக்காதான், "சரி, துணியாச்சும் அலசலாம். விடாதீங்கடி" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் குடத்தை முக்கினாள். ஐலீனும் நானும் மொண்டு மொண்டு ஊற்றினோம். கோட்டுப் போட்ட கனவான்கள் கையில் தயிர்ச்சோறு காயச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். போட்டோக்காரர் மட்டும் தன் வேலையைச் செய்தார். பெண்களை விட்டுவிட்டு, தண்ணீர் இன்னும் மிச்சமிருந்த பக்கமாகப் பார்த்து எடுத்தார்.

6

சாயங்காலம் தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. தேசியக் கடல் மின்துறைக்கு வலுவான அடித்தளம் போடப்பட்டதாக அறிவித்தார்கள். ஐலீன் தன் வரைபடச் சுருளைச் சபேசனிடம் நீட்டினார். என்னதான் அருவருப்பு இருந்தாலும் கொடுக்க வந்ததைக் கொடுத்துவிட்டுப் போக நினைத்தார். சபேசன் கை நீட்டவில்லை. "அடுத்த மாநாட்டுல மேடையில வச்சு வாங்கிக்கறோம் மேடம். அதுக்குன்னு ஒரு பங்ஷன் போட்டாத்தான் நல்லா இருக்கும்." பிறகு எல்லோரும் கம்பளிச் சட்டைகளை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினார்கள். ஐலீனும் நானும் ஏறவில்லை.

சோதனை நிலையத்துக்கு ஒரு செங்கல்கூட விழவில்லை. மாநாடுகள் மட்டும் வேறு வேறு மலைகளில் நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். செல்வி பாத்திரங்களைச் செய்தித்தாளிலிருந்து பிரித்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள். மீனாவுக்கு இப்போது தமிழ் புரிகிறது, அவ்வளவுதான். அக்கா போனில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள்; நான் நடுவில் நின்று என் மகளை என் அக்காவுக்கு மொழிபெயர்க்கிறேன்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? மாலைக்குப் பதில் சட்டையில் பெயர் அட்டை, பந்திக்குப் பதில் பாலாடைக்கட்டித் தட்டு. வெள்ளைக்காரன் காரியக்காரன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறோம். அவனும் கடலைப் பற்றிப் பேசத்தான் ஆசைப்படுகிறான், இறங்க இல்லை. நேற்று பேசி முடித்ததும் கூட்டமைப்பின் செயலாளர் வந்து என் கையைக் குலுக்கினார். "அற்புதமான கதை. இலையுதிர்காலக் கூட்டத்திலும் இதைச் சொல்ல வேண்டும், சாப்பாட்டுக்குப் பிறகு" என்றார். ஒத்துழைப்புப் பற்றிய அமர்வில் சேர்க்கலாம் என்று யோசனையும் சொன்னார். அவர் கையை விட்டதும் என் கையைக் கழுவ வேண்டும் போல இருந்தது. போய்க் கழுவினேன். சொல்ல மாட்டேன் என்று இன்று காலையில் அவரிடம் தெரிவித்துவிட்டேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

7

நேற்று மேடையில் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

மாநாட்டுக்கு மறுநாள் காலையில் ஸ்காட்லாந்துக்குக் கிளம்புமுன் அக்கா வீட்டுக்குப் போனேன். நிலையம் வராது, நாங்களும் வரப்போவதில்லை, பார்த்து வைத்த வீட்டை விட்டுவிடு என்று சொல்லத்தான் போனேன். அக்கா கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டாள். கோபப்படவில்லை. ஒரு துணியை உதறிப் போட்டுவிட்டு, "அந்த வெள்ளக்காரம்மா கையால தள்ளுனப்ப லைட்டு எரிஞ்சதாமே. மண்டபத்துல சமைக்க வந்தவ சொன்னா. நெசமா?" என்றாள்.

"நெசந்தாங்க்கா."

"அப்ப கடல்ல வச்சா பெருசா எரியும்."

"எரியும்."

"கடல்ல அலை ஓஞ்சு போகுமோ?"

"ஓயாதுக்கா."

மச்சான் சந்துக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தார். கையில் தூக்குச்சட்டி திறக்காமல் இருந்தது. அன்றைக்கும் ஷிப்டு இல்லை. அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"முடியும்னு தெரியும். எரியவும் எரியுது. பெறகு ஏன்லே செய்ய மாட்டேங்கிறீக? என்னதான் செய்யிறீக இம்புட்டுப் பேரும்?"



"கூட்டம் போடுறோங்க்கா" என்றேன்.

அக்கா உள்ளே போய் ஓர் இலை எடுத்து வந்தாள். மச்சான் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கி, சோற்றைப் பிரித்து, பாதியை எனக்கு இலையில் வைத்தாள்.